தலைக்காயம் ஆறிய பிறகும் பிள்ளை பயப்படுகிறதா? பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பைக்கிலிருந்து விழுந்தோ, மாடிப்படியில் உருண்டோ, கிரிக்கெட் பந்து பட்டோ பிள்ளைக்குத் தலையில் அடிபடுகிறது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, சில நாள் வைத்திருந்து, தையல் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை நடக்கிறது, பேசுகிறது, சாப்பிடுகிறது. வந்து பார்த்த சொந்தக்காரர்களும் "பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்சது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம்தான் வேறொன்று தெரிய ஆரம்பிக்கிறது. ராத்திரி தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறது, அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது, ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. வீட்டில் ஒருவர் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்பார், இன்னொருவர் "பயந்திருக்கு, மந்திரிச்சுட்டு வாங்க" என்பார், ஸ்கேனைப் பார்த்த டாக்டர் "எல்லாம் நார்மல்" என்றிருப்பார்.

இந்தப் பயமும் அந்த அடியின் ஒரு பகுதிதான். கை முறிந்தால் கட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்வதைப் போலவே இதையும் முறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், முடியும். எங்கிருந்து தொடங்குவது, எதற்கு அப்புறம் எது என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்

அடிபட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் பயத்தைப் பற்றி யோசிக்க இது நேரமில்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் சரியாக எழாமை, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வது, கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாமல் இருப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது, ஆள் தெரியாமல் உளறுவது, இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள். கைக்குழந்தையாக இருந்தால் பால் குடிக்க மறுப்பதும் சமாதானப்படுத்தவே முடியாத அழுகையும்கூட இந்த வரிசையில் வரும். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். பணத்தை யோசித்துத் தாமதிக்க வேண்டாம்.

படி 2: மூளைக்குள் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் பிள்ளையின் மேல் வரும் கோபம் பாதி குறைந்துவிடும்.

மூளை மென்மையானது. ஒரு சொம்பில் கெட்டித் தயிரை வேகமாக எடுத்துக்கொண்டு போய்ச் சட்டென்று நிறுத்தினால் சொம்பு அப்படியே இருக்கும், உள்ளே தயிர் குலுங்கி விண்டுபோகும். மண்டையோட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே மூளை குலுங்குவது இப்படித்தான். மண்டையோட்டின் அடித்தளம் வழவழப்பாக இருக்காது, நெற்றிக்குப் பின்புறமும் காதுகளுக்கு உட்புறமும் எலும்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் எந்தத் திசையிலிருந்து அடிபட்டாலும் பெரும்பாலும் பாதிக்கப்படுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையும், காதுப் பக்கம் இருக்கும் பக்கவாட்டு மூளையும்.

அமிக்டலா என்ற சிறு பகுதி இருப்பது அந்தப் பக்கவாட்டு மூளையின் உட்புறத்தில்தான். ஆபத்து என்று முதலில் குரல் கொடுப்பது அதுதான். நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "இது வெறும் ஹாரன், ஒன்றும் ஆகாது" என்று அமிக்டலாவைச் சமாதானப்படுத்த வேண்டிய வேலை முன்மூளையுடையது. இரண்டுக்கும் நடுவே செய்தி கொண்டுபோவது நரம்பு இழைக் கற்றைகள். தலை குலுங்கும்போது இந்த நீண்ட இழைகள் இழுபட்டு நைந்துபோகலாம். குழந்தைகளுக்கு இந்த இழைகளின் மேலுறை இன்னும் முழுதாக உருவாகியிருக்காது, உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை பலவீனம், அதனால் இவர்களுக்குக் குலுங்கலின் வேகம் கூடுதலாகவே போய்ச் சேரும்.

பயம் எழுகிறது, அதை அடக்கும் குரல் சரியாகப் போய்ச் சேரவில்லை. பிள்ளை அடம் பிடிப்பதாக நமக்குத் தெரிவதன் பின்னால் இது இருக்கலாம்.

சரி, ஸ்கேன் நார்மல் என்றார்களே? சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் பார்ப்பதற்கானது, உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். நைந்த இழைகள் அதில் பொதுவாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலேயே சிறப்பு முறைகளில் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். "நார்மல்" என்று டாக்டர் சொன்னது பொய்யில்லை, அவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். பயத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க மட்டும் என்று திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கவும் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சின்னப் பிள்ளை, மூளை வளர்ற வயசு, தானா சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள், மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியது. இப்போது பார்வை மாறிவிட்டது. முன்மூளை முழு வளர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும், வளர்ந்துகொண்டிருக்கும்போது பட்ட அடி அதற்கப்புறம் வளர வேண்டியதையும் பாதிக்கலாம். ஜெஃப்ரி மேக்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவரின் குழு, தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆறு மாதத்துக்குள் 100க்கு எட்டு ஒன்பது பேருக்குப் புதிதாக முழு அளவிலான பதற்ற நோய் வந்திருந்தது, மேலும் 17 பேருக்கு அந்த எல்லையைத் தொடாத ஆனால் கவனிக்க வேண்டிய பயங்கள் இருந்தன. வயது குறைந்த பிள்ளைகளுக்கே இது அதிகம் வந்தது. முன்மூளையின் மேல்பகுதியில் காயம் பட்டிருப்பதோடும் இதற்குத் தொடர்பு இருந்தது. நான்கில் ஒரு பிள்ளை என்பது சின்ன எண்ணிக்கை இல்லை, அதே சமயம் மீதி மூன்று பிள்ளைகளுக்கு அப்படி வரவில்லை என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

எல்லாமே இழையும் அமிக்டலாவும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். விபத்தே பயங்கரமானது, ஐ.சி.யூ.வில் அம்மா இல்லாமல் ஊசியும் குழாயுமாகக் கிடந்தது அதைவிடப் பயங்கரம். முன்பிருந்தே பயந்த சுபாவம் உள்ள பிள்ளை, வீட்டில் ஏற்கெனவே சண்டையும் நெருக்கடியும் உள்ள பிள்ளை, இவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

படி 3: ஒரு நோட்டுப் போடுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். அதில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும், 3 முதல் 15 வரையான நினைவுநிலை அளவு அது. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது. இந்த எண்ணும், எத்தனை நேரம் நினைவில்லாமல் இருந்தது என்பதும் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்கப்படும்.

அப்புறம் ஒரு சாதா நோட்டில், பயம் வந்த நாள், நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, எப்படி அடங்கியது, அன்று எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். பக்கம் பக்கமாக வேண்டாம், இரண்டு வரி போதும். எல்லாப் பயமும் பயமாக இருக்காது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

குறிப்பாக மூன்று விஷயங்கள் பதற்றம் மாதிரியே வேஷம் போடும். முதலாவது வலிப்பு. பக்கவாட்டு மூளையில் தொடங்கும் வலிப்பில் கை கால் வெட்டாமலேயே, காரணமே இல்லாமல் திடீர்ப் பயம், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போன்ற உணர்வு, வெறித்த பார்வை, உதட்டைச் சப்புவது, ஓரிரு நிமிடத்தில் முடிந்து அப்புறம் ஒரு குழப்பம் அல்லது தூக்கம் என்று வரும். தினம் ஒரே மாதிரி, ஒரே நீளத்தில், எந்தத் தூண்டுதலும் இல்லாமல் வருகிறது என்றால் செல்போனில் வீடியோ எடுத்து நியூரோ டாக்டரிடம் காட்டுங்கள், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

இரண்டாவது மருந்து. வலிப்பு வராமல் இருக்க லெவெடிராசிடம் என்ற மருந்தைத் தலைக்காயத்துக்கு அப்புறம் பரவலாகக் கொடுக்கிறார்கள். நல்ல மருந்துதான், ஆனால் சில பிள்ளைகளுக்கு எரிச்சல், அழுகை, பதற்றம், கோபம் என்று குணமே மாறும். மருந்து தொடங்கிய தேதியையும் குணம் மாறிய தேதியையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரிடம் கேளுங்கள், மாற்று இருக்கிறது.

மூன்றாவது, அடியின் நேரடித் தொல்லைகள். தலைச்சுற்றல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, இரண்டு படி ஏறினாலே இதயம் படபடவென அடிப்பது. இதில் படபடப்பு, இதயத் துடிப்பைத் தானாக நடத்தும் தானியங்கி நரம்புகள் தடுமாறுவதால் வரலாம். பிள்ளைக்கு அது தெரியுமா? நெஞ்சு அடித்துக்கொண்டால் "எனக்கு ஏதோ ஆகப்போகிறது" என்று நினைக்கும், அந்த நினைப்பால் நெஞ்சு இன்னும் அடித்துக்கொள்ளும். உடம்பில் தொடங்கியது மனதில் ஊன்றிக்கொள்வது இப்படித்தான்.

படி 4: ஓய்வு எவ்வளவு, எப்போது நிறுத்துவது

லேசான காயத்துக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். அந்த நாட்களில் செல்போன், டிவி குறைவாக, வீட்டுக்குள் லேசான நடமாட்டம். அதற்கப்புறம் தலைவலி கூடாத அளவுக்கு நடக்கவிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பதால் நன்மை இல்லை. அமெரிக்காவில் 2015ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு எடுத்த பிள்ளைகள், ஒன்றிரண்டு நாளில் மெல்ல வழக்கத்துக்குத் திரும்பியவர்களைவிட அதிகத் தொல்லைகளைச் சொன்னார்கள். நடுத்தர, கடுமையான காயத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே மருத்துவர் சொல்வதுதான் அளவு.

நம் வீடுகளில் பொதுவாக நடப்பது இதற்கு நேர் எதிர். மூன்று மாதம் பள்ளிக்கூடம் வேண்டாம், வெளியே விளையாட வேண்டாம், பாட்டி மடியிலேயே இருக்கட்டும். அன்பினால் செய்வதுதான். ஆனால் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது, உலகம் ஆபத்தானது, நான் உடைந்துபோனவன் என்பதை.

தூக்கம் இதில் தனிக் கவனம் கேட்கிறது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். தூங்காத மூளையில் அமிக்டலாவின் குரல் இன்னும் ஓங்கும். படுக்கும் நேரம், எழும் நேரம் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைகூட மாற்றாதீர்கள்.

மறுபடி அடிபடக்கூடிய விளையாட்டுகள் மட்டும் மருத்துவர் அனுமதித்த பிறகே. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் விளைவு மிக மோசமாக இருக்கலாம்.

படி 5: பேசுவது எப்படி

"ஒண்ணுமில்ல, பயப்படாத" என்பது நம் வாயில் தானாக வரும். ஒரு முறை சொல்லலாம், ஒரு நாளைக்கு ஐம்பது முறை சொன்னால் அந்த ஆறுதலே ஒரு பழக்கமாகிவிடும், அது கிடைக்காவிட்டால் பிள்ளையால் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. "வெட்கமா இல்ல, உன் தங்கச்சிகூடத் தனியாப் படுக்கிறா" என்பது இன்னும் மோசம்.

அதற்குப் பதில் மூளையில் நடப்பதைப் பிள்ளையின் மொழியில் சொல்லுங்கள். "தலையில அடிபட்டதுல உன் மூளையில இருக்கிற அலாரம் இப்பக் கொஞ்சம் சீக்கிரமா அடிக்குது கண்ணு. சத்தம் கேட்டாலே அடிச்சிடுது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அதுக்குப் பழக்கிக் கொடுப்போம்." ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும். நான் கெட்ட பிள்ளை இல்லை என்பதும், பைத்தியம் இல்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. பதின்ம வயது என்றால் மேலே சொன்ன முன்மூளைக் கதையையே நேராகச் சொல்லலாம்.

பயம் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், கை பிடியுங்கள், மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து ஆறு எண்ணும் வரை விடச் சொல்லி நீங்களும் கூடவே செய்யுங்கள். பேச்செல்லாம் பயம் அடங்கின பிறகுதான்.

தர்காவுக்கோ கோயிலுக்கோ போய் மந்திரித்துக் கயிறு கட்டுவது வீட்டுக்கு ஆறுதல் தருகிறது என்றால் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. புகை போடுவது, அடிப்பது, "காத்து கருப்பு" என்று பிள்ளையின் காதுபடப் பேசுவது மட்டும் கூடவே கூடாது, ஏற்கெனவே பயந்திருக்கும் மூளைக்கு அது புதிதாக ஒரு பயத்தைக் கொடுக்கும்.

படி 6: பயத்துக்கு ஏணி கட்டுங்கள்

உங்கள் கையில் இருக்கும் வலுவான மருந்து இதுதான். பயந்ததிலிருந்து விலகும்போது உடனே ஒரு நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதியே அடுத்த முறையும் விலகச் சொல்லும். இதை உடைக்க, பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பயம் தானாகத் தணியும் வரை இருக்கப் பழக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் செய்வதும் இதைத்தான்.

அப்பாவோடு ஸ்கூட்டரில் போய் விழுந்த 9 வயதுப் பையன், இப்போது வண்டிச் சாவிச் சத்தம் கேட்டாலே அறைக்குள் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் படி, நிறுத்தி வைத்த வண்டியை ஜன்னல் வழியாகப் பார்ப்பது. அடுத்து வாசலில் வண்டிப் பக்கத்தில் நிற்பது. அப்புறம் வண்டியைத் துணியால் துடைப்பது, இன்ஜின் ஓடாத வண்டியில் உட்கார்வது, ஓடும் இன்ஜின் பக்கத்தில் நிற்பது, உட்கார்ந்தபடி இன்ஜினை ஓடவிடுவது, பிறகு ஹெல்மெட்டோடு தெருமுனை வரை மெதுவாகப் போய்வருவது. கடைசியில் பள்ளிக்கூடம் வரை. ஒவ்வொரு படியிலும் "பயம் பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். ஏழு என்பான், அங்கேயே இருந்தால் ஐந்தாகும், மூன்றாகும். மூன்றானதும் அன்றைக்குப் போதும். மறுநாளும் அதே படி, எளிதான பிறகுதான் அடுத்தது.

இதில் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். அவசரப்படும் அப்பா, பையனைத் தூக்கி வண்டியில் வைத்து ஓட்டிவிடுவார், இரண்டு மாத வேலை அன்றோடு போய்விடும். இரக்கப்படும் அம்மா, ஏழில் இருக்கும்போதே "சரி வா, போதும்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார், தப்பித்தோம் என்பதுதான் மூளையில் பதியும். ஏழிலிருந்து இறங்கவே இல்லையென்றால் படியைச் சின்னதாக்குங்கள், ஆனால் ஓடவிடாதீர்கள்.

தலைக்காயம் பட்ட பிள்ளை என்பதால் சில மாற்றங்கள் தேவை. களைப்பு சீக்கிரம் வரும், அதனால் காலையில், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஞாபகம் தடுமாறலாம், அதனால் ஏணியைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். தலைவலி அதிகமான நாளில் விட்டுவிடலாம், ஒரு நாள் விட்டது தோல்வி இல்லை.

படி 7: பள்ளிக்கூடம்

வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள், வாட்ஸ்ஆப்பில் சொல்லி முடிக்காதீர்கள். வெளியே காயம் தெரியாத பிள்ளையை "நல்லாத்தானே இருக்கான்" என்றுதான் யாரும் நினைப்பார்கள். அரை நாளில் தொடங்குவது, சத்தம் குறைந்த இடத்தில் இருக்கை, நடுவில் பத்து நிமிட ஓய்வு, கொஞ்ச நாளைக்கு வீட்டுப்பாடத்தில் பாதி, பயம் வந்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார ஒரு மிஸ், இவ்வளவும் கேட்கலாம். பிள்ளையின் பதற்றத்தில் நிறையப் பங்கு "முன்னாடி நல்லாப் படிச்சேன், இப்ப மனசுல நிக்கல" என்பதிலிருந்து வருகிறது. யோசிக்கும் வேகம் குறைந்திருப்பதை யாரும் கவனிக்காமல் மார்க் குறைந்ததை மட்டும் திட்டினால், பள்ளிக்கூடத்தின் மேலேயே பயம் வந்துவிடும். பாதிப்பு நீடித்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் பொதுத்தேர்வில் கிடைக்க வழி உண்டு. மருத்துவச் சான்றோடு பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

படி 8: எப்போது, யாரிடம் போவது

லேசான காயத்துக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்தில் தேறிவிடுவார்கள், பத்தில் மூன்று பேருக்கு அதைத் தாண்டியும் தொல்லைகள் இருக்கும். ஆகவே ஒரு மாதம் கடந்தும் பயம் குறையாமல் இருந்தாலோ, பள்ளி, தூக்கம், சாப்பாடு மூன்றில் ஒன்று கெட்டாலோ காத்திருக்க வேண்டாம். "செத்துப்போயிருக்கலாம்" என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் அன்றே போங்கள்.

குழந்தை மனநல மருத்துவர் இருக்கும் ஊர் என்றால் நேராக அவரிடம். இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், வேலூரில் சி.எம்.சி.யும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே போவதென்றே தெரியாதபோது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், இலவசம்.

மருந்து என்றதும் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் போதாதபோது செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற பதற்றம் குறைக்கும் மருந்துகளை மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். காயம் பட்ட மூளை மருந்துகளுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டலாம் என்பதால்தான் அந்த நிதானம். பலன் தெரிய சில வாரம் ஆகும், முதல் வாரங்களில் பரபரப்பு கூடினாலோ மனம் சோர்ந்தாலோ உடனே சொல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே மந்தமாக இருக்கும் நினைவையும் கவனத்தையும் இன்னும் மந்தமாக்கும்.

படி 9: உங்களையும் பாருங்கள்

பிள்ளை ரத்தத்தோடு கிடந்ததைப் பார்த்த அம்மாவுக்கும், வண்டியை ஓட்டிய அப்பாவுக்கும் அந்தக் காட்சி போகாது. அப்பாவின் குற்ற உணர்ச்சியைப் பற்றி வீட்டில் யாருமே பேச மாட்டார்கள், அவர் கோபக்காரராகவோ ஊமையாகவோ மாறிவிடுவார். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்தை அளக்கிறது. நீங்கள் ஒருவரிடம் போய்ப் பேசுவது பிள்ளைக்கான சிகிச்சையிலும் சேர்த்திதான். கவனிப்பெல்லாம் ஒரு பிள்ளைக்கே போவதால் ஒதுங்கிப்போகும் அண்ணனுக்கோ தங்கைக்கோ தினம் அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

மறுபடி வண்டியில் ஏறும்போது பிள்ளைக்கு அளவான ஹெல்மெட் வாங்கிவிடுங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசின் விதியே 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

படி 10: ஃபைலை மூடிவிடாதீர்கள்

ஒரு வருடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும், முன்மூளைக்குப் புதிய வேலை வரும் வயதுகளில் மறுபடி தடுமாற்றம் தெரியலாம். ஆறாம் வகுப்பில் பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறும்போது, பத்தாம் வகுப்பில், விடுதிக்குப் போகும்போது. அப்போது வரும் பதற்றத்தை ஐந்து வருடம் முந்தைய அடியோடு யாரும் இணைத்துப் பார்க்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், நீங்கள் எழுதிய நோட்டு மூன்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள், போனில் படமெடுத்தும் வையுங்கள். பிள்ளை எந்தப் புது டாக்டரையோ ஆலோசகரையோ பார்க்கப் போனாலும் "இத்தனை வயசுல தலையில அடிபட்டது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.